நடைமுறைச் செலவு

சமூக நிதியத்தின் படிவம்
பதினொரு பக்கம்.
மாங்குளம் சந்தியில் பக்கம் பதினைந்து ரூபாய்.
இரண்டு பிரதி எடுத்தோம்,
ஒன்று பிழைவிட.

அம்பகாமம் முன்பள்ளியின் குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நாடியைத் தொட
நிர்வாகசபை கூடியது.
கோரம் ஐந்து. வந்தது நாலு.
ஐந்தாவதாய் தயாமதி போனில் இருந்தாள்,
மாட்டுக்குப் பின்னால் ஓடியபடி.

நிறுவனத்தின் தூரநோக்கு யாது?
புஸ்பமலர் சொன்னாள்:
ஆவணியில லான்மாஸ்டர் ஓட வேணும்.
இன்னும் தூரமாய்ப் பாருங்கோ, என்றேன்.
யோசித்தாள்.
புரட்டாதியிலயும் ஓட வேணும்.

பிரச்சினையை இருநூறு சொற்களில் விபரிக்கவும்.

ஆனியில் கிணறு வத்தும்.
குழாய்க் கிணற்றில் வருவது தேத்தண்ணிக்குச் சேராது,
பால் திரையும்.
லான்மாஸ்டரின் பின்னால் ஆயிரம் லீற்றர் தாங்கி.
துசியந்தன் ஓட்டுகிறான்.
வீட்டுக்கு ஐந்து கான்.
பின்சில்லில் மூன்று தையல் போட்ட ரயர்.

எண்ணினேன். இருபத்தைந்து சொல்.
மிச்சம் நூற்றெழுபத்தைந்துக்கு
வேறு என்ன பிரச்சினை எழுத?
இருந்தன.
ஒருவரும் எடுத்துத் தரவில்லை.
படிவமும் அந்த ஆண்டுகளைக் கேட்கவில்லை.

பகுதி மூன்று:
"இயக்கச் செலவுகளுக்கு
நிதி வழங்கப்படமாட்டாது."

உரத்து வாசித்துவிட்டேன்.
ஒரு கதிரை கிரீச்சிட்டது.
ஜெயரூபி எழுந்துபோய்
காற்றே இல்லாத அந்த நேரத்தில்
யன்னலைச் சாத்தினாள்.

கொழும்பில் யாரோ ஒருவர்
நல்ல மனதோடு
அகராதி பார்த்து எழுதிய சொல்.

நடைமுறைச் செலவு, என்றேன் அவசரமாய்.
டீசல், சாரதி கூலி, ரயர்.
அதைத்தான் தரமாட்டினமாம்.

எல்லாருக்கும் மூச்சு வந்தது.
பிறகுதான் கோபம் வந்தது.

எதற்குத் தருவார்கள்?
கருத்தரங்குக்கு. பதாகைக்கு.
வளவாளருக்கு நாளுக்கு ஏழாயிரம்.
ஐந்து கானில் சமைத்து, குளித்து,
மிச்சத்தை ஆட்டுக்கும் வைக்கிற ஜெயரூபிக்கு
தண்ணீரைச் சிக்கனமாய்ப் பாவிப்பது எப்படி என்று
ஒருவர் வந்து சொல்லித்தர.

"அப்ப என்னை வளவாளராய்ப் போடுங்கோவன்."
சிரித்தோம்.
சிரிப்பு நின்றபிறகும்
அந்த வசனம் அங்கேயே இருந்தது.

வளவாளர்: துசியந்தன்.
தலைப்பு: வீட்டு மட்ட நீர் முகாமைத்துவம்.
வகை: நடமாடும் பயிற்சி.
நாட்கள்: தொண்ணூறு.
"டீசல் எண்டு எழுதாதையுங்கோ,
கள விஜயம் எண்டு எழுதுங்கோ."
போனுக்குள்ளிருந்து தயாமதி.
மாட்டைப் பிடித்துவிட்டாள்.

ரயர் மட்டும் எந்தச் சொல்லுக்குள்ளும் ஒளியவில்லை.
எதற்குள் தள்ளினாலும்
உருண்டு வெளியே வந்தது.
ரயர் என்றே எழுதினேன். ஒன்று.

நிதி முடிவடைந்தபின் திட்டம் எவ்வாறு தொடரும்?
புஸ்பமலர் ஏறிட்டும் பார்க்கவில்லை,
கணக்குக் கொப்பியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
"வரமுன்னம் நடந்த மாதிரித்தான்."
அதை அப்படியே போட்டேன்.

முடிவு நேரம் ஐந்து மணி.
எங்களுக்குச் சிக்னல் குளக்கட்டில்.
வெடித்துக் கிடந்த குளத்தைப் பார்த்தபடி
கையை உயர்த்திப் பிடித்து நின்றேன்.
நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போனது.
உடனே பதிலும் வந்தது:
கிடைக்கப்பெற்றோம்.
இம்முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

கட்டால் இறங்கும்போதுதான் தட்டியது.
பயனாளிக் குடும்பங்கள் அறுபத்துமூன்று என்று போட்டேனே,
எங்கள் ஐந்து வீடும் அதில் இல்லை.
இடாப்பு எழுதிய ஐந்து பேரும்
தங்கள் வீட்டை எழுத மறந்திருந்தோம்.
அதே தண்ணீர்தான் குடிக்கிறோம்.
அனுப்பிய படிவத்தைத் திருத்த முடியாது.

பாதையில் துசியந்தன் மறித்தான்.
தாங்கி வெறுமை, கான்கள் கடகடத்தன.
அனுப்பியாச்சோ?
ஓம்.
எப்ப தெரியும்?
ஐப்பசி கடைசியில.
அவன் வானத்தைப் பார்க்கவில்லை, சில்லைப் பார்த்தான்.
அப்ப மழை வந்திடும், என்றான்.

நாலாவது தையல் போட
மாங்குளம் பக்கம் திருப்பினான்.